பசுமைச் சரக்கா, குறைந்த கொள்முதலா?
வணிகர்க்கு ஒரு பாடம்

பாகான் டாலாமில் கடை வைத்திருக்கும் நம்மவருள் துறைமுகத்தை அறியாதவர் எவருமில்லை. நம் கடைகளில் விற்கும் பருப்பும், வெங்காயமும், மிளகாயும், கைலியும், பாத்திரமும் பெரும்பாலும் கப்பலேறி வந்து பினாங்குத் துறையில் இறங்கியவையே. அத்துறைக்கு வந்து சேர்ந்த ஒரு சரக்கைப் பற்றிச் சொல்லி இப்பாடத்தைத் தொடங்குகிறோம். அது எவரும் தம் கடையில் வைக்க விரும்பாத சரக்கு, அது குப்பை.

மேல்நாடுகள் பலவும் தங்கள் பிளாஸ்டிக் கழிவைப் பல ஆண்டுகளாகச் சீன நாட்டுக்கு ஏற்றி அனுப்பி வந்தன. 2018 ஜனவரி முதல் சீனா கதவை அடைத்தது. அக்கழிவு வேறு துறைகளைத் தேடிப் புறப்பட்டது. அவற்றுள் நம் மலேசியத் துறைகளும் அடங்கும். பொய்யான பத்திரங்களோடும் அனுமதியில்லாமலும் வந்த பெட்டிகள் துறைமுகங்களில் தேங்கின. 2020 ஜனவரியில், அப்போது சுற்றுச்சூழல் துறைக்குப் பொறுப்பேற்றிருந்த அமைச்சர் யோ பீ யின் ஒரு கணக்கை வெளியிட்டார். அதுவரை 150 கொள்கலன்கள், 3,737 டன் கழிவுடன், 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன என்பதே அக்கணக்கு. பிரான்சுக்கு 43, பிரிட்டனுக்கு 42, அமெரிக்காவுக்கு 17 என்று அவை திரும்பிச் சென்றன. அவற்றுட் பல பினாங்குத் துறைமுகத்தில் கிடந்தவை.

மேல்நாட்டில் ஒரு குடும்பத் தலைவி பால் புட்டியைக் கழுவி, மூடியைத் தனியே பிரித்து, மறுசுழற்சித் தொட்டியில் போடுகிறார். "பூமிக்கு நன்மை செய்தேன்" என்னும் நிறைவோடு மறுநாள் இன்னொரு புட்டி வாங்குகிறார். அவர் நெஞ்சில் வஞ்சகம் எதுவுமில்லை. ஆயினும், அவ்வாறு பிரித்துப் போட்ட பொருளும் கடல் தாண்டி ஏழை நாட்டின் எரிகிடங்குக்குப் போகக்கூடும் என்பதை அவர் அறியார். நல்ல எண்ணத்தோடு வாங்கினோம், நல்ல எண்ணத்தோடு எறிந்தோம் என்பதனால் மட்டும் பொருளின் பாரம் குறைந்துவிடுவதில்லை. நாம் இங்கே கற்க வேண்டிய பாடமும் இதுவே.

இரு வழிகள்

சுற்றுச்சூழல் கெடுகிறது என்பதை இன்று மறுப்பார் இல்லை. அதற்கு இரண்டு பரிகாரங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது, பசுமைப் பொருளை வாங்குவது. அதாவது பிளாஸ்டிக்குக்குப் பதில் காகிதம், காகிதத்துக்குப் பதில் துணி, சாதாரணப் பருத்திக்குப் பதில் இயற்கைப் பருத்தி என்று மாற்றி வாங்குவது. இரண்டாவது, வாங்குவதையே குறைப்பது. முதல் வழி எல்லோருக்கும் இனிக்கிறது. உற்பத்தியாளருக்குப் புதுச் சரக்கு, கடைக்காரருக்குப் புது விற்பனை, வாங்குபவருக்குப் புதுப் பொருளோடு மனச்சாந்தியும் கிடைக்கிறது. இரண்டாம் வழியை விளம்பரம் செய்ய ஆளில்லை. அதில் எவருக்கும் தரகு கிடைப்பதில்லை அன்றோ?

நம் மார்க்கம் அறிந்தவர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. இஸ்ராஃப் என்று எதைச் சொல்கிறோம்? விலக்கப்பட்ட பொருளை உண்பது ஹராம், அது வேறு. ஆகுமான பொருளையே அளவு கடந்து கொள்வதும் வீணாக்குவதும் இஸ்ராஃப். முறைப்படி அறுத்த ஆட்டிறைச்சியை விருந்தில் குவித்து, பாதியைத் தொட்டியில் கொட்டினால், "ஹலால் இறைச்சிதானே" என்று எவரும் சமாதானம் சொல்ல முடியாது. முத்திரை பொருளின் தன்மையைச் சொல்லும். அளவைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பசுமை முத்திரையும் இவ்வாறே. அம்முத்திரை உள்ள பொருளும் தேவைக்கு மேல் வாங்கப்பட்டால் வீண்தான்.

பையின் கணக்கு

இதை நம் கைக்கு மிக அருகிலுள்ள பொருளைக் கொண்டே சோதிப்போம். பினாங்கு மாநிலத்தில் 2009 ஜூலையில் திங்கட்கிழமை தோறும் இலவசப் பிளாஸ்டிக் பை இல்லை என்னும் இயக்கம் தொடங்கிற்று. 2010இல் அது திங்கள், செவ்வாய், புதன் என்று விரிந்தது. 2011 ஜனவரி முதல் வாரத்தின் ஏழு நாளும் என்று ஆயிற்று. பை வேண்டுவோர் அப்போது 20 காசு கொடுக்க வேண்டியிருந்தது. நாட்டில் முதன்முதலில் இவ்வாறு செய்த மாநிலம் நம்முடையதே.

அந்த 20 காசு செய்த வேலையைக் கவனியுங்கள். ஒரு சோப்புக் கட்டி வாங்கியவர், "பை வேண்டாம், கையிலேயே கொண்டு போகிறேன்" என்றார். அங்கே ஒரு பை பிறக்காமலே போயிற்று, அது குறைத்தல். ஆனால் கூடவே இன்னொன்றும் நடந்தது. விற்பனை விழாவில் ஒரு நெய்யாத் துணிப்பை, வங்கியில் ஒன்று, கல்யாணத்தில் ஒன்று, கருத்தரங்கில் ஒன்று என்று பைகள் வீடு தேடி வந்தன. இன்று நம் வீட்டு அலமாரியைத் திறந்தால், "பூமியைக் காப்போம்" என்று அச்சிட்ட பைகள் மடித்தபடியே பத்துப் பதினைந்து கிடக்கும். இதைக் குறைத்தல் என்று சொல்ல இயலாது. பொருளை மாற்றிப் பெருக்கியிருக்கிறோம்.

பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஒருமுறை கொண்டு எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையை அளவுகோலாக வைத்து, மற்றப் பைகள் எத்தனை முறை பயன்பட்டால் பூமியைச் சூடாக்கும் வாயுக் கணக்கில் அதற்கு ஈடாகும் என்று கணித்தது. காகிதப் பை 3 முறை, நெய்யாத் துணிப்பை 11 முறை, பருத்திப் பை 131 முறை என்பது அதன் விடை. பருத்தியை விளைவிக்கவும், நூற்கவும், நெய்யவும் அவ்வளவு நீரும் எருவும் மின்சாரமும் செல்கின்றன.

இப்போது பேரேட்டுக் கணக்குப் போடுவோம். வாரம் ஒருமுறை கடைக்குப் போகும் குடும்பத்திடம் ஒரே ஒரு பருத்திப் பை இருந்தால், இரண்டரை ஆண்டில் 131 தடவை நிறைந்துவிடும். அதன்பின் எல்லாம் லாபம். அதே குடும்பத்திடம் ஐந்து பருத்திப் பைகள் இருந்து, மாற்றி மாற்றிக் கொண்டு போனால், முதல் தேறப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேலாகும். அதற்குள் பை கிழிந்துவிடும். துணியும் தையலும் ஒன்றே. எண்ணிக்கைதான் லாபத்தை நட்டமாக்கிற்று. ஆதலால் பை எதனால் ஆனது என்பதற்கு முன், எத்தனை பை என்பதே முதற் கேள்வி.

சாயத்தின் கணக்கு

பையை விட்டுத் துணிக்கு வருவோம். நம்மவர் பலர் ஜவுளி வியாபாரிகள். நம் கடைகளில் தொங்கும் பனியன்களிலும் சட்டைகளிலும் திருப்பூரிலிருந்து வந்தவை உண்டு. ஒரு பருத்திச் சட்டைக்கு, பயிர் முதல் துணி வரை, ஏறத்தாழ 2,700 லிட்டர் தண்ணீர் செல்கிறது என்பர். நீர்க்கணக்கு இது, சாயக்கணக்கு இதனினும் கசப்பானது.

திருப்பூரின் சாயப்பட்டறைக் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர் தேங்கும் குட்டையாயிற்று. கீழ்ப்புறத்து உழவர்கள் வழக்காடினர். 2011 ஜனவரி 28ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் 700க்கு மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூட ஆணையிட்டது. பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்னும் விதியோடு சுத்திகரிப்பு நிலையங்கள் அமைத்துத் தொழில் மீண்டும் நடந்தது.

இது நல்ல முன்னேற்றமே; இதை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அச்சுத்திகரிப்பின் உள்ளே நடப்பது என்ன? கழிவுநீரை நுண்ணிய சவ்வுகளின் வழியே அழுத்திச் செலுத்தி, எஞ்சியதைக் கொதிக்க வைத்து ஆவியாக்குகிறார்கள். அதற்கு மின்சாரமும் எரிபொருளும் ஏராளமாக வேண்டும். முடிவில் நீர் தெளிந்து விடும். உப்புக் கசடு மலையாய் நிற்கும். அதை எங்கே வைப்பது என்பது தொழிலாளரையும் அதிகாரிகளையும் வாட்டும் கேள்வி. அழுக்கு ஆற்றை விட்டுச் சாக்குக்குள் வந்திருக்கிறதேயொழிய, இல்லாமற் போகவில்லை. தூய்மையாகச் செய்த சட்டைக்கும் ஒரு பாக்கி உண்டு. பாக்கியே இல்லாத சட்டை எதுவெனில், நாம் தேவையின்றி வாங்காமல் விட்ட சட்டைதான்.

சிக்கனம் செலவைப் பெருக்கும் விந்தை

"இனிமேல் இயந்திரங்கள் சிக்கனமாகிவிடும், குறைந்த மின்சாரத்தில் நிறைந்த வேலை நடக்கும், பின் ஏன் கவலை?" என்று கேட்பார் உண்டு. 1865ஆம் ஆண்டிலேயே இதற்கு விடை கூறியவர் ஆங்கிலப் பொருளியலாளர் ஜெவன்ஸ். நீராவி இயந்திரம் சிக்கனமானபோது இங்கிலாந்தின் நிலக்கரிச் செலவு குறையவில்லை, பெருகிற்று என்று அவர் காட்டினார். ஏனெனில் நீராவி மலிவானதும், முன்பு அதைப் பயன்படுத்தாத தொழில்களெல்லாம் பயன்படுத்தத் தொடங்கின.

இதைப் புரிந்துகொள்ள இங்கிலாந்து வரை போக வேண்டியதில்லை. பழைய குளிர்ப்பெட்டியை மாற்றி, மின்சாரம் மிச்சமாகும் புதுப் பெட்டி வாங்குகிறோம். "செலவு குறைவுதானே" என்று பக்கத்திலே இன்னொன்றும் வைக்கிறோம். பழையதையும் எறிய மனமின்றிப் பின்கட்டில் ஓட விடுகிறோம். மாத முடிவில் மின்கட்டணச் சீட்டு பழைய தொகையையும் தாண்டுகிறது. சிக்கனமான பொருளோடு போதுமென்ற மனமும் சேர்ந்தாலொழிய மிச்சம் என்பது ஏட்டளவில்தான்.

குப்பை போகும் இடம்

நம் வீட்டுக் குப்பை எங்கே போகிறது? தென் செபராங் பிறையில், நிபோங் திபால் அருகே உள்ள புலாவ் புரோங் கிடங்குக்கு. தீவின் குப்பையும் அங்கேதான் வந்து சேர்கிறது. 2022 ஜனவரியில் அக்கிடங்கு தீப்பற்றி நாட்கணக்கில் புகைந்தது. அருகில் வாழ்ந்தோர் சிலர் வீடு விட்டு வெளியேற நேர்ந்தது. பினாங்குத் தீவில் ஒருவர் எறிந்த பொருளுக்கு, பெருநிலத்தில் ஒரு குழந்தை இருமிற்று.

அந்தக் குவியலில் "மக்கும் பை" என்று விலை அதிகம் கொடுத்து வாங்கியவையும் இருந்திருக்கும். ஆனால் காற்றுப் புகாத குப்பைக் குவியலின் அடியில் காகிதமும் மாவுப்பொருளும் தோட்டத்தில் மக்குவதுபோல் மக்குவதில்லை; மீத்தேன் என்னும் எரிவாயுவைக் கக்குகின்றன. மறுசுழற்சியின் நிலையும் பெருமைப்படத் தக்கதாயில்லை. 2015 வரை உலகம் குப்பையாக்கிய பிளாஸ்டிக்கில் சுமார் 9 விழுக்காடே மறுசுழற்சிக்கு வந்தது என்று 2017இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. நூறு புட்டியில் ஒன்பது! மிச்சத்தை மண்ணும் தீயும் கடலும் பங்கிட்டுக் கொண்டன.

நம் வியாபாரம் என்னாவது?

இதுகாறும் படித்த வணிக சகோதரர், "நன்றாகச் சொன்னீர்கள், ஆனால் ஊரார் வாங்குவதைக் குறைத்தால் நாங்கள் அடுப்பில் எதை வைப்பது?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. இதைத் தட்டிக் கழிக்க நாம் விரும்பவில்லை.

முதலில், உண்மையை ஒளிக்காமல் ஒப்புக்கொள்வோம். சில பொருள்களின் விற்பனை குறையத்தான் செய்யும். ஒருமுறை உண்டு எறியும் தட்டு, ஒரு வாரத்தில் உடையும் பொம்மை, தீபாவளிக்கும் பெருநாளுக்கும் வாங்கி மறு ஆண்டு கிழியும் துணி ஆகியவற்றை நம்பிய கடைக்கு இது இடியே. ஆனால் அரிசியும், பருப்பும், எண்ணெயும், மருந்தும், நல்ல துணியும் எக்காலமும் வேண்டும். தேவையின் மேல் நிற்கும் கடை நிலைக்கும். ஆசையை மட்டும் நம்பிய கடை ஆசை மாறும்போது சாயும்.

இரண்டாவது, குறைத்து வாங்கும் பாடம் முதலில் நமக்கே உரியது, வாடிக்கையாளருக்கு அடுத்தபடிதான். ஒரு கணக்கு. ஒரு டின் 4 வெள்ளி. நூறு டின் எடுத்தால் 10 விழுக்காடு தள்ளுபடி என்கிறார் மொத்த வியாபாரி. ஆசைப்பட்டு 360 வெள்ளிக்கு நூறும் எடுக்கிறோம். ஒரு டின் 5 வெள்ளியாக 80 விற்கிறது. 400 வெள்ளி வருகிறது. மிச்சம் 20 டின் தேதி கடந்து தொட்டிக்குப் போகிறது. லாபம் 40 வெள்ளி. தள்ளுபடியை விட்டு, 80 டின்னை முழு விலைக்கு 320 வெள்ளியில் எடுத்திருந்தால் அதே 400 வெள்ளி வரவு, லாபம் 80. மலிவாய் வாங்கியவர் பாதி லாபத்தை இழந்தார்; இருபது டின் உணவும், தகரமும், ஏற்றுக்கூலியும் மண்ணுக்குப் போயின. பெட்டியும் பூமியும் ஒருசேர நட்டப்படுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

மூன்றாவது, நம் கல்லாவின் கீழுள்ள 555 புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். மாதக் கடைசியில் கட்ட முடியாமல் நிற்கும் பாக்கிகள் எவருடையவை? பெரும்பாலும் உழைத்து உண்ணும் குடும்பங்களுடையவை. அரிசிக்குக் கடன் நிற்கும் வீட்டில், தவணையில் எடுத்த பொருள் ஒன்று தூசி படிந்து கிடக்கும். அந்தப் பொருளை வாங்காமலிருந்தால் அரிசிப் பாக்கி தீர்ந்திருக்கும். வாடிக்கையாளர் கடனில் மூழ்கினால் கடையும் கூடவே மூழ்கும்.

இங்கே ஒன்றையும் சொல்லி வைப்போம். வாடகை வீட்டில் நாலு பிள்ளைகளோடு நாளைய சோற்றை எண்ணி வாழ்வோரை நோக்கி, "குறைத்து வாங்குங்கள்" என்று உபதேசம் செய்வது அநீதி. அவர்கள் ஏற்கெனவே குறைத்துத்தான் வாங்குகிறார்கள். இப்பாடம் அலமாரி நிறைந்தவர்க்கு. அதாவது நம்மில் பலருக்கு.

வணிகராயிருந்தும் பயனீட்டாளர் பக்கம் நிற்க முடியும் என்பதற்கு நம் பினாங்கே சாட்சி. 1969இல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைப் பல்லாண்டுகள் தலைமையேற்று நடத்திய ஹாஜி எஸ். எம். முகம்மது இத்ரீஸ் அவர்கள், தமிழகத்திலிருந்து வந்து இங்கே வணிகம் செய்த நம்மவரே. 2019 மே மாதம் மறையும் வரை, வீண் நுகர்வுக்கும் விளம்பர மயக்கத்துக்கும் எதிராக அவர் ஓயாமல் பேசினார். அவர் சொன்னது சிலருக்கு உவப்பாயிருந்ததில்லை. ஆனால் கடை நடத்தத் தெரிந்தவர் சொன்னார் என்பதனால் அச்சொல்லுக்கு ஒரு கனம் இருந்தது.

கடையிலும் வீட்டிலும் செய்யத் தக்கவை

பசுமைப் பொருளே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. அதற்கு ஓர் இடமுண்டு. அது வரிசையின் கடைசி இடம். எதையும் வாங்குமுன் இவ்வரிசையில் கேட்டுப் பார்ப்போம். இது வேண்டுமா? வீட்டில் இருப்பதே போதாதா? பழுது பார்க்கலாமா? இரவல் கிடைக்குமா? இவை அனைத்துக்கும் பின்னரே, வாங்கத்தான் வேண்டுமெனில் நெடுநாள் உழைப்பதும், கெடுதல் குறைந்ததும் எது என்று பார்க்க வேண்டும்.

கடைக்காரர் செய்யத் தக்கவை சில:

1. கொள்முதலுக்கு முன் சென்ற மூன்று மாத விற்பனைச் சிட்டையைப் பார்க்க. தள்ளுபடியைப் பார்த்து அளவைத் தீர்மானிக்க வேண்டாம்.

2. பருப்பு, மசாலா, அரிசி ஆகியவற்றைத் தேவைக்கேற்ப நிறுத்துக் கொடுக்கும் பழைய வழக்கத்தைக் கைவிடாதிருக்க. நூறு கிராம் வேண்டியவர் அரைக் கிலோப் பொட்டலம் வாங்கும்படி நேரக்கூடாது.

3. பாத்திரம் கொண்டு வருவோரை வரவேற்க. நோன்புக் கஞ்சி வாங்கப் பள்ளிக்குத் தூக்குச்சட்டி கொண்டு போகும் நாம், கறி வாங்கக் கடைக்கு அதே சட்டியைக் கொண்டு போக வெட்கப்பட வேண்டியதில்லை.

4. பை வேண்டுமா என்று கேட்ட பிறகே பையை எடுக்க. சங்க விழாக்களில் புதுப் பை அச்சிட்டுக் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்துக.

5. விருந்துகளில் ஒரு சஹனைச் சுற்றி நாலு பேர் அமர்ந்து உண்ட பழக்கத்தை மீண்டும் எண்ணிப் பார்க்க. அங்கே நாலு காகிதத் தட்டுக்கு இடமில்லை; கூடுதலாக, பக்கத்தில் இருப்பவர் முகமும் தெரியும்.

6. தையற்காரர், செருப்புத் தைப்பவர், மின்கருவி பழுது பார்ப்பவர் யார் யார் என்று ஒரு பட்டியல் எழுதிக் கடையில் தொங்க விடுக. புதியது விற்கும் கடை பழையதைப் பிழைக்க வைக்கும் வழியையும் காட்டினால், வாடிக்கையாளர் அக்கடையை நம்புவார். நம்பிக்கைதான் வணிகரின் முதல்.

முடிவாக

நம் முன்னோர் கையில் ஒரு துணிமூட்டையோடு இக்கரை ஏறினார்கள். அவர்கள் சிக்கனமாய் வாழ்ந்தது பூமியைக் காக்க அல்ல, இல்லாமையால். நாம் அவ்வில்லாமைக்குத் திரும்ப வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் பழகியிருந்த ஒரு கேள்வியை மட்டும் திரும்பப் பெற்றுக் கொள்ளலாம்: "இது இல்லாமல் ஆகாதா?"

இவ்வாரம் ஒரு பாடப் பயிற்சி. கடை அடைத்த பின் ஒரு தாளை எடுத்து, சென்ற மாதம் வீட்டுக்கு வாங்கியவற்றுள் இன்னும் பிரிக்காமலோ ஒருமுறைக்கு மேல் தொடாமலோ கிடப்பவற்றை எழுதுங்கள். எதிரில் விலையையும் எழுதுங்கள். பிறகு கடையில் தேதி கடந்து எறிந்த சரக்கின் விலையையும் அதன் கீழ் எழுதிக் கூட்டுங்கள். வருகிற தொகை எவ்வளவானாலும் அதை எவரிடமும் காட்ட வேண்டியதில்லை. அடுத்த கொள்முதலுக்குப் புறப்படும்போது அத்தாள் சட்டைப் பையில் இருந்தால் போதும்.